கடைசி இரண்டை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு

திருகோணமலையில் கூடைப்பந்து பழக்குகிற, அணி தெரிவு செய்கிற சேர்மாருக்கும் அண்ணாமாருக்கும், மதிலில் ஏறிக் குந்தியிருந்து தீர்ப்புச் சொல்கிற பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. ஸ்கோர் மேசையில் சிவப்புப் பேனையும் நீலப் பேனையும் வைத்துக்கொண்டு குனிந்தபடி இருக்கிற ஆள் நான். பதினொரு வருசமாக இந்த வேலை. சம்பளம் ஒரு பிளேன்ரீயும் ஒரு பணிசும். மேசையில் இருப்பவன் கை தட்டக் கூடாது, ஒரு பக்கம் சாய்ந்து கதைக்கக் கூடாது என்பது முறை. அதனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் நித்திரை வரவில்லை.

போன மாதத்து மட்ச். எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கழகம் என்று எழுதப்போவதில்லை, வந்திருந்தவர்களுக்குத் தெரியும். ஸ்கோர் 47–48. மூன்று விநாடி இருக்கும்போது ஒரு பெடியன் லே-அப்புக்கு, கூடைக்குக் கிட்டப் போய்ப் பந்தைப் போட, பாய்கிறான், கையில் அடி விழுகிறது, விசில். இரண்டு பிறீ த்ரோ. ஆள் மறிக்காமல் கோட்டில் நின்று எறிகிற எறி அது, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒன்று போனால் சமன், இரண்டும் போனால் வெற்றி. முதலாவது றிங்கின் பின்விளிம்பில் பட்டு எழும்பி வெளியே வந்தது. இரண்டாவது றிங்கில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெளியே விழுந்தது. பந்து மற்றவர்கள் கைக்குப் போனது. அவ்வளவுதான்.

“கோட்டை விட்டிட்டான்” என்று மதிலில் இருந்து ஒரு குரல். பிரட்ரிக் கோட்டை இருக்கிற ஊர் என்பதாலோ என்னவோ இந்தச் சொல் எங்கள் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். பெடியன் குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். கழுவி முடித்த முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டே நின்றான். அப்போதுதான் அவனைப் பழக்குகிறவர், எல்லாருக்கும் கேட்கும்படி, “ரெண்டு பிறீ த்ரோ போட வக்கில்லாதவனெல்லாம் கடைசி நேரத்தில பந்தைத் தொடக் கூடாது” என்றார். அடுத்த தெரிவுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. காரணம் கேட்டதற்கு, நெஞ்சுரம் காணாது என்று பதில் வந்ததாம்.

எல்லாரும் போன பிறகு நானும் ஸ்கோர் ஷீட்டும்தான் மிச்சம். அந்தத் தாளைப் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணக் கூடை விழுந்தால் ரன்னிங் ஸ்கோரில், அதாவது புள்ளிகள் 1, 2, 3 என்று வரிசையாக இருக்கிற பகுதியில், அணி எட்டிய எண்ணின்மேல் சரிவாக ஒரு கோடு இழுப்போம். பிறீ த்ரோ விழுந்தால் எண்ணின்மேல் ஒரு பொட்டு. தவறினால்? ஒன்றுமில்லை. தவறிய பிறீ த்ரோவுக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. ஆனால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பவுல் செய்தவனின், அதாவது விதி மீறி அடித்தவன் அல்லது தட்டியவனின், பெட்டியில் பவுல் குறியைப் போட்டு, அதற்கு எத்தனை பிறீ த்ரோ கொடுபட்டது என்று பக்கத்தில் சின்னதாக 1, 2, 3 என்று எழுதுவோம். கொடுபட்டதைக் கூட்டி, பொட்டுகளைக் கழித்தால் தவறியது வந்துவிடும்.

எதிரணியின் பெட்டிகளைக் கூட்டினேன். எட்டு இடத்தில் 2, ஓர் இடத்தில் 1. ஆக 17. இந்தப் பக்கத்துப் பொட்டுகளை எண்ணினேன். 8. அப்போ தவறியது 9. மட்ச் பத்துப் பத்து நிமிடமாக நாலு குவாட்டர். முதலாம், மூன்றாம் குவாட்டருக்குச் சிவப்புப் பேனை, இரண்டாம், நான்காம் குவாட்டருக்கு நீலம். இடைவேளையில் தடித்த கோடு ஒன்றும் போடுவோம். அதனால் எது எப்போது தவறியது என்றும் பிரிக்க முடிந்தது. இடைவேளைக்கு முதலே 5. மூன்றாம் குவாட்டரில் 2. கடைசியில், நீங்கள் எல்லாரும் பார்த்த அந்த 2.

இன்னொன்றும் கவனித்தேன். விழுந்த எட்டில் நான்கு பொட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெடியனின் நம்பர் இருக்கிறது. அந்தக் கடைசி இரண்டுக்கு முதல் அவன் கோட்டில் நின்றது இரண்டு தடவை, நான்கும் உள்ளே. மற்றப் பெடியன்கள் எல்லாரும் சேர்ந்து எறிந்தது 11, போட்டது 4. அணியிலேயே ஒழுங்காக பிறீ த்ரோ போட்டவன் ஒருவன்தான், அவனைத்தான் நிற்பாட்டியிருக்கிறீர்கள்.

முதல் குவாட்டரில் அந்த அணியின் நெட்டைப் பெடியன் இரண்டையும் விட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒன்று றிங்கைத் தொடவே இல்லை. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தான். பெஞ்சில் இருந்து அதே சேர் கை தட்டி, “பரவாயில்லை, பரவாயில்லை, விளையாடு” என்றார். அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் ‘பரவாயில்லை’ எனக்குப் பிடித்திருந்தது. நாற்பதாவது நிமிடத்துக்கும் அதில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாமே என்றுதான்.

ஒரு புள்ளி எப்போது போட்டாலும் ஒரு புள்ளி. இதை நீங்கள் யாரும் மறுக்கமாட்டீர்கள். கோடு, றிங் பூட்டியிருக்கிற போர்டில் இருந்து 4.6 மீட்டர், றிங் 3.05 மீட்டர் உயரம், எறிய 5 விநாடி, மறிக்க ஆளில்லை. முதல் நிமிடத்திலும் இதே அளவு, கடைசி நிமிடத்திலும் இதே அளவு. இருந்தாலும் மனம் ஒத்துக்கொள்வதில்லை. சாதாரண தரப் பரீட்சையில் 34 எடுத்து ஒரு புள்ளியால் சித்தி தவறியவனிடம் “கடைசிக் கேள்வியில்தானே விட்டாய்” என்று யாராவது கேட்போமா? பல்தேர்வில் மூன்றாம் கேள்வியில் போன புள்ளியும் அதே புள்ளிதான் என்று எங்கள் வீட்டு அம்மம்மாவுக்கும் தெரியும். கோர்ட்டுக்குள் வந்தவுடன் மட்டும் அந்தக் கணக்கு மறந்துபோகிறது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாக, கடைசியாகக் கொப்பில் இருந்த காகத்தைப் பிடித்துக்கொள்கிறோம்.

சரி, கொஞ்சம் ஆழமாகவே பார்ப்போம். ஒரு பேச்சுக்குப் பத்து மட்ச் என்று வையுங்கள். ஒன்பதில் வித்தியாசம் பத்து, பதினைந்து என்று முடிகிறது. ஒன்று மட்டும் ஒரே புள்ளியில். முதல் குவாட்டரில் கோட்டில் நிற்பவனுக்கு இன்றைக்கு நடப்பது எந்த வகை மட்ச் என்று தெரியாது. அவனுடைய த்ரோ வெற்றி தோல்வியை மாற்றுவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு. கடைசி விநாடியில் நிற்பவனுக்கோ எல்லாம் தெரியும். ஒன்பது மட்சில் அவன் போட்டாலும் விட்டாலும் ஒன்றுதான். சனம் மோட்டார் சைக்கிள் திறப்பைத் தேடத் தொடங்கியிருக்கும். மிச்ச ஒரு மட்சில் முழுப் பாரமும் அவன் தலையில். கூட்டிப் பார்த்தால் அங்கும் பத்தில் ஒன்று, இங்கும் பத்தில் ஒன்று. முன்னவனின் பாரம் பத்து மட்சுக்கும் மெல்லிசாகப் பரவியிருக்கிறது, பின்னவனுடையது ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. நாங்கள் குவியலைப் பார்த்துவிட்டு, பரவிக் கிடக்கிறதைக் காணாமல் விடுகிறோம்.

மதிலில் இருக்கிற ஓர் ஐயா இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார், முன்பே சொல்லியும் இருக்கிறார்: “தம்பி, முதலில விட்டால் பிறகு பிடிக்கலாம். கடைசியில விட்டால் எங்கே போய்ப் பிடிக்கிறது?” இலேசில் தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை. பின்தங்கிவிட்டோம் என்று தெரிந்தால் ஒரு அணி வேகமாக ஓடும், துணிந்து தூரத்தில் இருந்து எறியும். அந்த அளவில் ஆரம்பத்தில் விட்டதைக் கொஞ்சம் ஈடுசெய்யலாம். ஆனால் ஐயா, மிச்சமிருக்கிற முப்பத்தைந்து நிமிடம் எங்களுக்கு மட்டும் தரப்பட்டதல்ல. எதிரே நிற்கிறவர்களும் அதே முப்பத்தைந்து நிமிடம் விளையாடுகிறார்கள். பிறகு போடுகிற கூடை எப்படியும் போட்டிருக்க வேண்டிய கூடை. அதை எடுத்துப் பழைய கடனை அடைத்தால், முன்னுக்குப் போக இருந்த கூடை ஒன்று குறைகிறது.

பெரிய மேடையிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.யின் 1995 ஆம் ஆண்டு இறுதித் தொடரின் முதல் மட்ச். ஒர்லாண்டோ மெஜிக் அணி சொந்த ஊரில் ஹூஸ்டன் றொக்கெட்ஸோடு ஆடுகிறது. பத்துச் சொச்சம் விநாடி மிச்சம், மெஜிக் மூன்று புள்ளி முன்னால். மெஜிக்கின் நிக் அண்டர்சன் கோட்டுக்கு வருகிறார். இரண்டும் போகவில்லை. பந்தைத் தானே பிடித்து, மறுபடியும் பவுல் வாங்கி, மறுபடியும் இரண்டு. அதுவும் போகவில்லை. நான்கில் ஒன்று போயிருந்தாலே கிட்டத்தட்ட மட்ச் முடிந்திருக்கும். ஹூஸ்டனின் கென்னி ஸ்மித் மூன்று புள்ளிக் கூடை போட்டுச் சமப்படுத்தினார், மேலதிக நேரத்தில் ஹூஸ்டன் 120–118 என்று வென்றது. தொடர் 4–0 என்று போனது.

அந்த மட்சில் முதல் பாதியிலேயே மெஜிக் 20 புள்ளி முன்னால் இருந்தது என்பதை இன்றைக்கு யார் சொல்கிறார்கள்? அந்த இருபதைக் கரைத்தது ஒரு ஆள் இல்லை, முழு அணி. ஆனால் பெயர் எழுதப்பட்டது ஒருவருக்கு மட்டும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதற்குப் பிறகு அவருக்கு நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அதுவரை பத்துக்கு ஏழு அளவில் போட்டுக்கொண்டிருந்த மனிதர், 1996–97 பருவத்தில் நூற்றுக்கு நாற்பது என்ற அளவுக்கு விழுந்தார். வளர்ந்த மனிதர், இதையே தொழிலாகச் செய்தவர். எங்கள் பெடியனுக்கு வயது பதினாறு.

பத்துக்கு ஏழு என்றதும் இன்னொரு கணக்கு ஞாபகம் வருகிறது. பத்துக்கு ஏழு போடுகிறவன் எங்கள் மாவட்டத்தில் நல்ல கை. அவனும் கூட நூறு தடவை கோட்டுக்குப் போனால் ஒன்பது தடவை இரண்டையும் விடுவான். நடுக்கம், பயம், நெஞ்சுரம் எதுவும் வேண்டாம். மூன்றைப் பத்தால் வகுத்து அதையே அதனால் பெருக்கினால் வருவது அதுதான். அந்த ஒன்பதில் ஒன்று மூன்று விநாடி இருக்கும்போது வந்து விழுந்தால் அது குணக்குறைபாடு ஆகிவிடுமா?

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில், தரையில் அடிபட்டு விழுந்து எழும்பி வந்த டக் கொலின்ஸ், மூன்று விநாடி இருக்கையில் இரண்டு பிறீ த்ரோவையும் போட்டு அமெரிக்காவை 50–49 என்று முன்னுக்குக் கொண்டுவந்தார். நெஞ்சுரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? கடைசி மூன்று விநாடியை மறுபடி மறுபடி ஆட வைத்ததில் சோவியத் அணி 51–50 என்று வென்றது. அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. கடைசி இரண்டும் விழுந்தும் அமெரிக்கா தோற்றது. அப்படியானால் அந்த ஒரு புள்ளியை அதற்கு முந்தைய நாற்பது நிமிடத்தில்தானே தேட வேண்டும்?

இவ்வளவும் சொன்னதால் ஆரம்பமும் கடைசியும் எல்லா விதத்திலும் ஒன்று என்று நான் சாதிக்கவில்லை. கடைசியில் மாறுவது புள்ளியின் பெறுமதி இல்லை, ஆட்களுக்குக் கிடைக்கிற தெரிவு. ஒரு குவாட்டரில் ஐந்தாவது டீம் பவுலில் (அணியில் எல்லாரும் செய்த பவுலின் கூட்டுத்தொகை) இருந்து சும்மா தட்டினாலே இரண்டு பிறீ த்ரோ. ஆகவே பின்னால் நிற்கிற அணி வேண்டுமென்றே பவுல் செய்யும், அதுவும் உங்கள் அணியில் மோசமாக எறிகிறவனைத் தேடிப் பிடித்துச் செய்யும். கடைசி நிமிடத்தில் யார் கோட்டில் நிற்பது என்பதை எதிராளி தீர்மானிக்கிறான். 2008 அமெரிக்கப் பல்கலைக்கழக இறுதியாட்டத்தில் மெம்பிஸ் அணி இரண்டு நிமிடம் இருக்கையில் 9 புள்ளி முன்னால் இருந்து, கடைசி ஒன்றேகால் நிமிடத்தில் 5 பிறீ த்ரோவில் 4ஐ விட்டு, கன்சாஸிடம் மேலதிக நேரத்தில் தோற்றது. முழு மட்சுக்கும் அவர்கள் போட்டது 19 இல் 12. கடைசி ஒன்றேகால் நிமிடத்தில் விட்ட நான்கைத் தவிர வேறு மூன்றையும் விட்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்தத் தெரிவுகள் எல்லாம் கோச்சின் வேலை. யார் கையில் பந்தைக் கொடுப்பது, யாரை வெளியே எடுப்பது, டைம் அவுட் மிச்சம் வைத்திருப்பதா இல்லையா என்பதெல்லாம் கோட்டில் நிற்கிற பெடியனின் பொறுப்பு அல்ல. அன்றைக்கு மூன்றாம் குவாட்டரில் நாலு நிமிடம் முடிய முதலே அந்தப் பெடியனின் அணிக்கு ஐந்து டீம் பவுல் ஆகிவிட்டது. மேசையில் குறியைத் தூக்கி வைத்தது நான்தான். நடுக்கோட்டுக்குக் கிட்ட, ஒரு ஆபத்தும் இல்லாத இடத்தில், கையை நீட்டி நீட்டி வாங்கிய பவுல்கள். மிச்ச ஆறு நிமிடமும் எதிரணி கோட்டுக்குப் போய்ப் போய் வந்தது. இதை யாரும் கோட்டை விட்ட கணக்கில் சேர்ப்பதில்லை.

இடையில் ஒரு சின்ன விசயம். எங்கள் ஊரில் வெளிக் கோர்ட்டில், ஆனி ஆடியில், பின்னேரம் மூன்று நான்கு மணிக்குக் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வேலியோரம் நிற்கிற மான்கள்கூட முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறுகின்றன. பாதி மட்சுக்குக் காற்று நெஞ்சில், பாதிக்கு முதுகில். நான் மேசையில் இருந்து பார்த்த அளவில், முந்தியா பிந்தியா என்பதைவிட எந்த றிங் என்பதுதான் எங்கள் பிள்ளைகளின் பிறீ த்ரோவை அதிகம் ஆட்டுகிறது. கச்சான் கொட்டையை உடைத்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கு அந்தக் காற்று விளங்காது.

பெரியவர்கள் ‘ஃபாதர்மார் காலம்’ என்று ஒரு கதை தொடங்குவீர்கள். நானும் கேட்டு வளர்ந்தவன்தான். நியூ ஓர்லியன்ஸ் பக்கம் இருந்து வந்த இயேசுசபைக் குருமார் கிழக்கில் இந்த விளையாட்டை வளர்த்ததும், அவர்களில் ஒருவரான அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைப் பழக்கியதும், 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குப் போகிற வழியில் அவர் காணாமல் போனதும் நாங்கள் மறக்கக் கூடாத கதை. அந்தக் காலத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பிறீ த்ரோ போட்டார்கள் என்பதை மட்டும் நான் நம்பத் தயாராக இல்லை. தவறியதை அப்போதும் யாரும் தாளில் எழுதியிருக்கமாட்டார்கள்.

வலைப்பந்தைப் பாருங்கள். எங்கள் தர்ஜினி சிவலிங்கம் ஆடிய இலங்கை அணி 2018 இல் ஆசியச் சம்பியன் ஆனது. அந்த விளையாட்டில் எல்லாக் கோலுக்கும் ஒரே ஒரு புள்ளி. அவர் போட்டது முதல் குவாட்டரிலா நான்காம் குவாட்டரிலா என்று கேட்டு யாரும் அவரை அளந்ததாக நான் கேள்விப்படவில்லை. எத்தனை எறிந்தார், எத்தனை விழுந்தது என்றுதான் பேச்சு.

அதே போல எண்ணிப் பாருங்கள் என்றுதான் உங்களிடம் கேட்கிறேன். ஒரு சீ.ஆர். கொப்பி போதும். மட்சிலும் பயிற்சியிலும் ஒவ்வொரு பிள்ளையும் எறிந்தது, விழுந்தது, எந்தக் குவாட்டர் என்று ஒரு வரி. அதிகாரபூர்வத் தாளில் இடம் இல்லாவிட்டாலும், மட்சுக்கு மட்ச் தவறியவற்றை ஒரு துண்டில் எழுதி இரண்டு கோச்மாருக்கும் நான் தருகிறேன். பணிஸ் கூட்டிக் கேட்கமாட்டேன். பயிற்சியில் பிறீ த்ரோவைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு, பகிடி விட்டுக்கொண்டு வரிசையில் நின்று எறிகிறதற்கு, ஒதுக்காதீர்கள். நடுவில் ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போது ஆளுக்கு இரண்டு எறியவிட்டு, மறுபடி ஓடவிடுங்கள். மட்சில் அது வருவது அப்படித்தான். மோசமாக எறிகிறவனுக்கு இரட்டிப்பாகக் கொடுங்கள், ஏனென்றால் எதிராளி தேடி வரப்போவது அவனைத்தான். அப்புறம், முதல் குவாட்டரில் இரண்டை விட்டுவிட்டுச் சிரித்தவனிடம் மட்ச் முடிந்த பிறகாவது அதைப் பற்றி அமைதியாகக் கதையுங்கள்.

தெரிவுப் பட்டியலைப் பற்றி நான் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது உங்கள் வேலை. பிறீ த்ரோவைக் காரணம் காட்டி ஒருவனை நிற்பாட்டுவதென்றால், மற்றவர்களுடைய பிறீ த்ரோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நிற்பாட்டுங்கள்.

மட்ச் முடிந்தால் வெற்றி பெற்ற அணிக்கு ஸ்கோர் ஷீட்டின் ஒரு பிரதி, தோற்ற அணிக்கு ஒரு மஞ்சள் பிரதி. அன்றைக்கு அந்த மஞ்சள் தாளை எடுக்காமலே எல்லாரும் போய்விட்டார்கள். நாலாக மடித்து என் பையில் வைத்திருக்கிறேன். கார்பன் பிரதி என்பதால் சிவப்பும் நீலமும் தெரியாது, ஆனால் பொட்டுகளும் இடைவேளைக் கோடும் வடிவாகத் தெரிகின்றன. வருகிற சனிக்கிழமை பின்னேரம் வழமைபோல மேசையில் இருப்பேன். அந்தப் பெடியனைப் பழக்குகிற சேர் ஒரு ஐந்து நிமிடம் முந்தி வந்தால், இருவருமாக இருந்து எண்ணலாம்.

இப்படிக்கு,
ஸ்கோர் மேசைக்காரன்
திருகோணமலை